கணக்குப்பிள்ளையிடம் சொன்னதும் குழுவில் போட்டதும்



கையில் ரொக்கம் இல்லாத நாளிலும் ஒரு மளிகைக் கடை வாசலில் இருபது மூட்டைப் பருப்பு இறங்குகிறது என்றால், அது கடைக்காரரின் பெயரை நம்பி இறங்குகிறது. அந்தப் பெயருக்கு நம் பெரியவர்கள் 'நாணயம்' என்று பெயர் வைத்தார்கள். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லைப் புழங்கிய சமூகம் நம்முடையது. அந்த நாணயம் ஒரே இரவில் எப்படிப் போகும் என்பதைச் சென்ற தீபாவளிக்கு முன் நாம் கண்கூடாகப் பார்த்தோம். அதை இங்கே சொல்வது யாரையும் குறை கூறுவதற்காக அன்று. நாளை நம்மில் யாருக்கும் அது நேரலாம் என்பதற்காகவே சொல்கிறோம்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு மொத்த வியாபாரி. அவருக்கு ஒரு சில்லறைக் கடைக்காரர் எண்பத்தாறாயிரம் ரூபாய் பாக்கி. நான்கு மாதமாகக் கேட்டும் கணக்கு நேராகவில்லை. ஒரு நாள் இரவு, கோபத்தில், அந்தக் கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, 'இவர் ஏமாற்றுப் பேர்வழி, யாரும் கடனுக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள்' என்று எழுதி, முந்நூறு பேர் உள்ள வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை மூன்று மண்டிகள் அந்தக் கடைக்குச் சரக்கை நிறுத்தின. பண்டிகை வியாபாரம் முழுவதும் கடைக்காரர் கைப்பணத்தை வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்துத்தான் விவரம் வெளியே வந்தது. பாக்கியில் பெரும்பகுதியை அவர் வசூலுக்கு வந்த ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அந்தத் தொகை பேரேட்டில் ஏறவில்லை. மொத்த வியாபாரி உடனே செய்தியை அழித்தார். ஆனால் அதற்குள் அது வேறு நான்கு குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. அங்கே அழிக்க அவரால் முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. இருவரையும் உட்கார வைத்துப் பேசியவர்களில் நாமும் இருந்தோம். அன்று இரு தரப்பும் நம்மைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'கைபேசியில் போட்டதற்குக்கூடச் சட்டம் இருக்கிறதா?'

இருக்கிறது. அதுவும் புதிதாக வந்த சட்டம் இல்லை.

சட்டப் புத்தகத்தில் ஒரு கடைக்காரர்

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகள் அவதூறைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அதில் இதே செய்தி 356-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவரின் பெயருக்குக் கேடு விளைவிக்கும் எண்ணத்தோடோ, கேடு விளையும் என்று தெரிந்தோ, அவரைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டைப் பிறர் அறியச் செய்வது அவதூறு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தின்படி சமூக சேவையும் தண்டனையாக விதிக்கப்படலாம். பேச்சாலும் எழுத்தாலும் படத்தாலும் செய்வது எல்லாம் இதில் அடங்கும். காகிதம், சுவரொட்டி, கைபேசி என்ற பாகுபாடு கிடையாது.

பெயருக்குக் கேடு என்றால் என்ன என்பதையும் சட்டமே விளக்குகிறது. பிறர் மதிப்பில் ஒருவரின் ஒழுக்கத்தையோ, அறிவையோ, சாதி அல்லது தொழில் தொடர்பான நற்பெயரையோ, கடன் விஷயத்தில் அவருக்குள்ள நம்பகத்தையோ தாழ்த்துவது என்று அது வரிசைப்படுத்துகிறது. தொழிலும் கடன் நம்பகமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். வியாபாரியின் நாணயத்தைச் சட்டம் பெயர் சொல்லியே காக்கிறது.

இதே பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்பதாவது, தன் நலனையோ பிறர் நலனையோ பொது நன்மையையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு சொல்வது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டத்தை எழுதியவர்கள் யாரைக் கொண்டு வந்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு கடைக்காரரை! அவர் தன் வியாபாரத்தைக் கவனிக்கும் ஆளிடம், இன்னாருக்கு ரொக்கம் வாங்காமல் எதையும் விற்காதே, அவர் நேர்மையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார். தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் அது அவதூறு ஆகாது என்கிறது சட்டம்.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்தக் கடைக்காரர் நமக்கு ஒரு நல்ல பாடம். அவர் சொன்னது கடுமையான வார்த்தைதான். ஆனால் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். தன் கணக்குப்பிள்ளையிடம். தெரிய வேண்டியவரிடம், தெரிய வேண்டிய அளவுக்கு. அதே வார்த்தையை அவர் கடைத்தெருவில் நின்று தண்டோரா போட்டிருந்தால் அந்த விதிவிலக்கு அவருக்கு நிழல் தந்திருக்குமா என்பது பெரும் சந்தேகம். முந்நூறு பேர் கொண்ட குழு கணக்குப்பிள்ளையின் காது ஆகாது, அது கடைத்தெரு. வாட்ஸ்அப் குழுவில் இன்று 1,024 பேர் வரை சேரலாம் என்கிறபோது, பல ஊர்ச் சந்தைகளில்கூட அத்தனை காது கிடையாது.

இன்னொன்று, 'நல்லெண்ணம்' என்ற சொல். மனதில் வஞ்சம் இல்லை என்று சொன்னால் மட்டும் அது போதாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்பது சட்டத்தின் விளக்கம். நம் மொத்த வியாபாரிக்கு வஞ்சம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் வசூல் ஆளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், துண்டுச் சீட்டுகளைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்திருந்தால், உண்மை அன்றே தெரிந்திருக்கும். அந்தக் கவனத்தைத்தான் சட்டம் எதிர்பார்க்கிறது.

66-ஏ போனதால் எல்லாம் போய்விடவில்லை

இணையத்தில் எழுதுவதற்கு எதிரான சட்டத்தை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டதே என்று சில உறுப்பினர்கள் நம்மிடம் கேட்டதுண்டு. அந்தக் கதையையும் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை நகரில் கடைகள் அடைக்கப்பட்டன. ஏன் இந்தக் கடையடைப்பு என்று கேட்டு பால்கர் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் இளம் பெண் முகநூலில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு விருப்பக் குறியிட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். நாடே அதிர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, எரிச்சலூட்டுவது, தொந்தரவு தருவது என்பன போன்ற எல்லையில்லாத சொற்களால் எழுதப்பட்டிருந்தது. யாருக்கு எது எரிச்சல் என்று யார் சொல்வது? 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது. கடையடைப்பைக் கேள்வி கேட்ட ஒரு வாக்கியத்திலிருந்து அந்தப் பிரிவுக்கு எதிரான வழக்கு வலுப்பெற்றது என்பதை வணிகர்களாகிய நாம் மறக்கக் கூடாது. கடையைத் திறந்து வைப்பதும் அடைப்பதும் பற்றிப் பேசும் உரிமை நமக்கும் வேண்டியதுதானே.

ஆனால் அதே தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. எரிச்சலூட்டுவது வேறு, ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பது வேறு. நற்பெயரைக் கெடுப்பதற்கான சட்டம் அப்படியே நின்றது. மறு ஆண்டு, 2016 மே மாதம், சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அவதூறைக் குற்றமாக வைத்திருக்கும் பிரிவுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, 66-ஏ போய்விட்டது என்ற தைரியத்தில் யாரையும் எதுவும் எழுதலாம் என்று எண்ணுவது தவறான கணக்கு.

அனுப்பியவருக்கும் பங்கு உண்டு

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது இன்று எல்லாரும் சொல்லும் சமாதானம். அந்த நான்கு குழுக்களுக்குச் செய்தியைக் கொண்டு போனவர்களும் இதையே சொன்னார்கள்.

2018-இல் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதை முகநூலில் பகிர்ந்தார். பிறகு அதை நீக்கி மன்னிப்பும் கேட்டார். இருந்தும் முன்ஜாமீன் கோரியபோது, ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்றுக்கொள்வதற்கும் ஆதரிப்பதற்கும் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி மனுவைத் தள்ளியது. வழக்கை ரத்து செய்யக் கோரி 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோதும் பலன் கிடைக்கவில்லை. அவர் மீது போடப்பட்டவை அவதூறுப் பிரிவுகள் அல்ல, வேறு பிரிவுகள். ஆயினும் பகிர்வதைப் பற்றி நீதிமன்றம் காட்டிய பார்வை நமக்கும் பொருந்தும். அவதூறுச் சட்டத்தில் எழுதுவதும் வெளியிடுவதும் இரண்டுமே குற்றம். அடுத்தவர் கண்ணில் படும்படி செய்பவர் வெளியிடுபவர்.

குழுவை நடத்தும் நிர்வாகிகளுக்கு ஒரு ஆறுதல் உண்டு. உறுப்பினர் போட்ட செய்திக்கு, அதில் தனக்குப் பங்கோ கூட்டு எண்ணமோ இல்லாத நிர்வாகி பொறுப்பாளி ஆக மாட்டார் என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் கூறியுள்ளன. நம் மதுரை அமர்வும் 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் இதே வழியில் சென்றது. அதனால் நிர்வாகி கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்று பொருள் இல்லை. சட்டப்படி தப்பித்தவர் ஊர் வழக்கப்படியும் தப்பித்தார் என்று சொல்ல முடியாது.

பெயரைச் சொல்லாமல், 'பேருந்து நிலையத்துக்கு எதிரே, நீலப் பலகைக் கடை' என்று எழுதினால் தப்பிக்கலாம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். படிப்பவருக்கு ஆள் யார் என்று புரிந்தால் போதும். பெயர் எழுதியதற்கும் எழுதாததற்கும் வித்தியாசம் இல்லை. பொதுவான வதந்தி இதற்கு மாறானது. 2017-இல் பிளாஸ்டிக் அரிசி என்று பல மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. அரிசிக் கடைக்காரர்கள் எல்லாரும் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் எந்தக் கடை என்ற அடையாளம் இல்லாத இடத்தில் அவதூறு வழக்குக்கு வழி குறைவு. அங்கே பரிசோதனைச் சான்றும் அரசின் மறுப்பும்தான் மருந்து.

நம்மைப் பற்றி எழுதினால்?

இதுவரை நம் கைத் தவறைப் பார்த்தோம். இனி மறுபக்கம். கூகுள் வரைபடத்தில் கடையைத் தேடினால் பக்கத்தில் நட்சத்திரங்களும் கருத்துகளும் நிற்கின்றன. 'எடை குறைவு', 'பழைய சரக்கு', 'பேச்சு சரியில்லை' என்று யாரோ எழுதிவிட்டுப் போகிறார்கள். நம் உறுப்பினர்களில் பலர் இதைப் பார்த்ததும் வக்கீலைத் தேடுகிறார்கள். அவசரம் வேண்டாம் என்பது நம் கருத்து.

'இந்தக் கடை எண்ணெய் எனக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒருவரின் அபிப்பிராயம். அதற்கு வழக்குக் கிடையாது. 'இந்தக் கடையில் எண்ணெயில் கலப்படம் செய்கிறார்கள்' என்பது ஒரு குற்றச்சாட்டு. அது பொய்யானால் வழக்குக்கு இடம் உண்டு. மெய்யானால்? உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபிப்பதே முழு எதிர்வாதம். குற்றவியல் வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் சேர வேண்டும். உணவுப் பொருளில் கலப்படம் என்ற செய்தியில் பொது நன்மை இல்லை என்று எந்த வக்கீல் வாதாடுவார்?

பெரிய நிறுவனங்களின் அனுபவத்தைப் பார்ப்போம். 2018 செப்டம்பரில் ஒரு யூடியூபர், பாராசூட் தேங்காய் எண்ணெயின் தூய்மையைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு வீடியோ வெளியிட்டார். அதன் உற்பத்தியாளரான மாரிகோ நிறுவனம், தன் பொருளை இழிவுபடுத்தியதாக மும்பை உயர் நீதிமன்றம் போனது. 2020 ஜனவரியில் தனி நீதிபதி வீடியோவை நீக்கச் சொன்னார். பலர் பின்தொடரும் ஒருவருக்குச் சாதாரண மனிதரைவிடப் பொறுப்பு அதிகம், சொல்வதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். அடுத்த மாதமே மேல்முறையீட்டு அமர்வு அந்த உத்தரவைத் தளர்த்தி, திருத்தங்களோடு வீடியோ இருக்க வழிவிட்டது. விமர்சனம் செய்யும் உரிமையையும் பொருளின் பெயரையும் நீதிமன்றமே தராசின் இரு தட்டுகளில் வைத்துத்தான் பார்த்தது.

இன்னொன்று போர்ன்விட்டா. 2023 ஏப்ரலில் அதில் சர்க்கரை அதிகம் என்று ஓர் இளைஞர் வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். அதோடு முடிந்ததா? தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு இறுதியில் நிறுவனமே சர்க்கரையைச் சுமார் 14 சதவீதம் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஆளை நோட்டீஸ் மௌனமாக்கியது, கேள்வி மௌனமாகவில்லை. நம் அலமாரியில் அந்தப் பொருளை அடுக்கி வைத்திருந்த நாம்தான் வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே முதல் வேலை, எழுதியவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று நம் தராசையும் சரக்கையும் பார்ப்பது. இரண்டாவது, அதே இடத்தில் மரியாதையாகப் பதில் எழுதுவது: 'பில் எண்ணைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.' அந்தப் பதிலைப் படிப்பவர் குறை சொன்னவர் ஒருவர் மட்டும் இல்லை. நாளை கடைக்கு வரவிருக்கும் நூறு பேர் படிக்கிறார்கள். காசு கொடுத்து நல்ல கருத்து எழுத வைப்பதும், போட்டிக் கடைக்குக் கெட்ட கருத்து எழுத வைப்பதும் அறவே கூடாது. இணையக் கருத்துகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தையே வகுத்துள்ளது.

வழக்கென்று போனால்

வேண்டுமென்றே பொய்யைப் பரப்புகிறவர்களும் உண்டு. அப்போது சட்டத்தை நாடித்தான் ஆக வேண்டும். அதற்குச் சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும்.

அவதூறு, காவல் துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு காலவரம்பு. நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போவதானால் ஓர் ஆண்டுதான் வரம்பு. பதிவு இன்றும் இணையத்தில் இருக்கிறதே, தினந்தோறும் புதிய அவதூறுதானே என்று வாதிட முடியாது; முதலில் வெளியான நாளிலிருந்தே காலம் ஓடும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியுள்ளது.

தளத்தை நடத்தும் நிறுவனம் நாம் கேட்டதும் நீக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தபின் நீக்கத் தவறினால்தான் அவர்கள் சட்டப் பாதுகாப்பை இழப்பார்கள் என்பது 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிலை. அவர்களின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் சாட்சியம். டெல்லியில் எஸ்.எம்.சி. நியூமேட்டிக்ஸ் என்ற நிறுவனம், தன் ஊழியர் இழிவான மின்னஞ்சல்களை அனுப்பியதாக வழக்குப் போட்டது. இந்தியாவில் இணைய அவதூறு பற்றி வந்த முதல் வழக்குகளில் ஒன்று அது. 2001-இல் இடைக்காலத் தடையும் கிடைத்தது. ஆனால் 2014-இல் இறுதித் தீர்ப்பு வந்தபோது, அவற்றை அனுப்பியவர் அந்த ஊழியர்தான் என்பதற்குச் சட்டம் ஏற்கும் சாட்சியம் இல்லை என்று வழக்கு தோற்றது. திரையைப் படம் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழ் வேண்டும். இன்று அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் வருகிறது. செய்தி வந்த கைபேசியை மாற்றிவிடாமலும் செய்தியை அழித்துவிடாமலும், வந்த நாள், நேரம், அனுப்பியவர் எண் ஆகியவற்றோடு அன்றே வக்கீலிடம் காட்டுவது நல்லது.

நம் நிலை

சட்டம் இரு பக்கமும் கூர்மையானது. நம் பெயரைக் காக்கவும் அது வரும். நாம் அடுத்தவர் பெயரைக் கெடுத்தால் நம்மைத் தேடியும் வரும். இதை மனதில் வைத்து நம் வணிகர்கள் முன் சில கருத்துகளை வைக்கிறோம்.

பாக்கி வைத்தவரின் பெயரையும் படத்தையும் குழுவில் போடும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். பாக்கி வசூலிக்க வேறு வழிகள் இருக்கின்றன. பாக்கிக்காரருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மூன்றாமவர் அறியாதவரை அது அவதூறு ஆகாது. செக் திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுத்து, பிறகு வழக்குத் தொடரச் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இருக்கிறது. கணக்குப் பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் உரிமையியல் வழக்கு இருக்கிறது.

சக வியாபாரிகளை எச்சரிக்க வேண்டிய அவசியமும் உண்மையில் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஒரே ஆள் ஐந்து மண்டியில் வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போன கதைகள் நமக்குத் தெரியும். அதற்கு ஒவ்வொரு சங்கத்திலும் மூன்று அல்லது ஐந்து மூத்தவர்கள் கொண்ட சிறு குழு இருக்கட்டும். புகாரை எழுத்தில், பில் நகலோடு கொடுக்கட்டும். எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். பிறகு, கடன் கொடுக்கும் நிலையில் உள்ளவர் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லட்டும்: 'இவ்வளவு பாக்கி, இத்தனை மாதம்.' ஏமாற்றுக்காரர், மோசடி என்ற பட்டங்கள் வேண்டாம். இப்படிச் செய்தால் சட்டப் புத்தகக் கடைக்காரர் நின்ற நிழலில் நாமும் நிற்க வாய்ப்பு உண்டு.

இதனால் வசூல் தாமதமாகும், குழுவில் போட்டால் மறுநாளே பணம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். வருகிறது, உண்மைதான். அவமானத்துக்கு அஞ்சி வரும் பணம் அது. ஆனால் பத்தில் ஒன்று தவறாகப் போனால், அந்த ஒருவரின் கடை போகிறது. அந்த ஒருவர் நாமாக இருந்தால் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வோமா?

குறை சொல்லும் நேர்மையான வாடிக்கையாளர் மீது சட்டத்தைக் காட்டி மிரட்டுவதும் கூடாது. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதை விலக்கும் காலம் வந்துவிட்டது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே விசாரணையின்போது வாய்மொழியாகக் கூறினார். சட்டம் எப்படி மாறினாலும், சிறை என்ற சொல்லை வாடிக்கையாளரிடம் உச்சரிக்கும் கடைக்கு மறுநாள் யார் வருவார்?

கடைசியாக ஒன்று. தவறான செய்தியைப் போட்டுவிட்டால் அழிப்பது பாதி வேலைதான். எந்தக் குழுவில் போட்டோமோ அதே குழுவில், அதே அளவுக்குத் தெளிவாக, தவறு என்று எழுத வேண்டும். அதை அனுப்பியவர்கள் தாங்கள் அனுப்பிய இடத்துக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன வழக்கு, கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது. மொத்த வியாபாரி குழுவில் மன்னிப்பு எழுதினார். கணக்கும் நேராயிற்று. இருவரும் மீண்டும் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். ஆனால் முதல் செய்தி போன நான்கு குழுக்களில் மன்னிப்பு போய்ச் சேர்ந்தது ஒன்றில் மட்டுமே. மற்ற மூன்றில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைக்காரர் இன்னும் ஏமாற்றுப் பேர்வழிதான். வெளியூர் மண்டி ஒன்று இன்றும் அவருக்கு ரொக்கத்துக்குத்தான் சரக்குப் போடுகிறது.

இதைப் படிப்பவர்களில் அந்தச் செய்தியை அனுப்பியவர் யாராவது இருந்தால், அந்தத் திருத்தத்தை இன்றைக்காவது அனுப்பிவிடுங்கள். ஒரு சக வியாபாரியின் நாணயத்தைத் திருப்பித் தர வேண்டிய பாக்கி அது.